வழித்துணைக் கருவிகள்

நெடுவழி செல்வோர் இடையில் நேரக்கூடிய இடையூறுகளை முன்னரே எண்ணிப் பார்த்து, அவற்றை நீக்குதற்கு வேண்டிய பொருள்களை உடன்கொண்டு செல்லுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். பண்டை நாளில் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர், கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ வண்டியின் அச்சு முரிந்துவிடின், ஆளரவமற்ற வழியில் அவர்களுக்கு உதவுவார் யாருமிலர். ஆதலின், வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகனாகிய பொகுட்டெழினியை இச்சேம அச்சிற்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கின்றார். அதியமான் ஆண்ட தகடூர் இக்காலத்தில் தருமபுரி எனப்படுகின்றது. அதற்குத் தெற்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலையில் ஏறும் இக்கால ஊர்தியாகிய மோட்டார் சைக்கிளுக்குச் சேம அச்சுப் போன்று உதவும் கருவிகள் யாவை என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலம் மாவட்டத்தில் உள்ளது. அதன்மீது கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்திருக்கின்றது. ஏரியும் காடும் சேர்ந்து அவ்வூருக்குப் பெயர் தந்தன என்பர். 1820ஆம் ஆண்டு முதல் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைத் தோற்றுவித்தார். இன்று ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் செழித்திருப்பதையும், அம்மரங்களைப் பற்றி மிளகுக் கொடிகள் படர்ந்திருப்பதையும் வழியெங்கும் காணலாம். மலையாளிகள் என வழங்கப்படும் பழங்குடி மக்கள் இம்மலை ஊர்களில் வாழ்கின்றனர். சேர்வராயர் கோயில் கொண்டுள்ள உச்சி 1600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோரிமேட்டைக் கடந்து அடிவாரத்தை அடைந்ததும் மலைச்சாலை தொடங்கும். அதில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள்ளன. குப்பனூர் வழியாகச் செல்லும் வேறொரு சாலையும் உண்டு. அடிவாரத்தில் வெயில் சுட்டெரிக்கும் வேளையில் மேலே மூடுபனி கவிந்திருத்தல் கூடும். மழைக்காலத்தில் கல்லும் மண்ணும் சரிந்து சாலையில் விழுவதுண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலினால் பெய்த பெருமழையில் இச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. சமவெளியில் வண்டி பழுதுற்றால் சிறிது தொலைவு தள்ளிச் சென்று பட்டறையை அடையலாம். மலைச்சாலையிலோ பழுதுற்ற வண்டியை மேல்நோக்கித் தள்ளுதல் பெரும்பாடு. கீழ்நோக்கி உருட்டுதல் உயிருக்கே தீங்கு. ஆதலின், மலை ஏறுவோர் புறப்படுமுன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் தொழில் வளர்ந்த வரலாற்றில் 1955ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். புல்லட் என்னும் வண்டி சென்னையில் உருவாயிற்று. அக்காலத்து வண்டியோட்டிகள் பெரும்பாலும் தாமே சிறு பழுதுகளைச் சீர்செய்து கொள்வர். அதற்கு ஒரு காரணம் உண்டு. மலை ஏற ஏறக் காற்று மெலியும். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இக்குறைவை அறியாது. எனவே, காற்றுக் குறைந்தும் பெட்ரோல் மிகுந்தும் கலவை அமையும், எஞ்சின் திணறும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். பிளக்கைக் கழற்றித் துடைக்க அதற்குரிய ஸ்பேனர் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கும்.

இக்கால வண்டிகளில் நிலைமை மாறிவிட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து புகை பற்றிய கடுமையான விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றிற்கு இணங்கப் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்கு மாறாக எரிபொருளைப் பீச்சும் அமைப்பு இடம்பெற்றது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணர்கருவிகள் அளந்து கூற, சிறு கணிப்பொறி ஒன்று பெட்ரோலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகின்றது. இதனைக் கண்டு, இனிக் கருவிகள் எதற்கு என்று வினவுவாரும் உளர். அது பிழைபட்ட எண்ணமாகும். எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஓட்டுபவனின் கைக்கு எட்டாதவை ஆயின என்பது உண்மையே. ஆயினும், ஆணி குத்தினால் சக்கரம் இன்றும் காற்றை இழக்கின்றது. தேய்ந்த கம்பி இன்றும் அறுகின்றது. மரை இன்றும் அதிர்ச்சியால் தளர்கின்றது. வழியில் நேரும் பழுதுகளுட் பல இத்தகைய எளிய பழுதுகளே. அவற்றைச் சீர்செய்தற்குப் பெருஞ்சுமை வேண்டுவதில்லை. தக்க கருவிகள் சில போதும்.

தக்கவை எவை என்று அறிவது எவ்வாறு? கடைக்குச் சென்று பளபளக்கும் கருவிப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுதல் அறிவுடைமை ஆகாது. அதிலுள்ள கருவிகளுட் பாதி அவ்வண்டிக்குப் பொருந்தாமலே போகலாம். ஓய்வு நாளில் வண்டியை வீட்டு வாயிலில் நிறுத்தி, அதன் முன்னே அமர்ந்து, ஒவ்வொரு மரையையும் திருகாணியையும் நோக்குதல் வேண்டும். எந்தக் கருவி எந்த இடத்தில் பொருந்துகின்றது என்று தொட்டுப் பார்த்து, பொருந்துவனவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். வண்டியுடன் நிறுவனத்தார் தரும் சிறு பை இருக்கையின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும். முதலில் அதனைத் திறந்து பார்த்து, இல்லாதவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மரைகளைத் திருகுவதற்கு 8, 10, 12, 14 மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்பேனர்கள் பெரும்பாலும் பயன்படும். இக்கால வண்டிகளில் தலையில் அறுகோணப் பள்ளமுடைய திருகாணிகள் மிகுதி. அவற்றைத் திருகுதற்கு ஆலன் சாவி எனப்படும் வளைந்த கோல்கள் வேண்டும். 4, 5, 6, 8 மில்லிமீட்டர் அளவுகள் பெரும்பாலும் போதும். சில வண்டிகளில் பள்ளம் விண்மீன் வடிவில் இருக்கும். அதற்கு அவ்வடிவக் கருவியே வேண்டும். இருமுனையும் பயன்படும் திருப்புளி ஒன்றும் குறடு ஒன்றும் உடனிருத்தல் நலம். பொருந்தாத ஸ்பேனரைக் கொண்டு வலிந்து திருகினால் மரையின் முனைகள் மழுங்கிப்போம். பின்னர்ப் பட்டறையாளரும் அதனைக் கழற்ற இடர்ப்படுவர்.

வழியில் நேரும் பழுதுகளுள் யாவரும் அறிந்தது பஞ்சர். காற்றடைத்த டயரை டன்லப் என்பவர் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். அன்று தொட்டு ஆணியும் முள்ளும் அதற்குப் பகையாயின. இக்கால வண்டிகளுட் பலவற்றில் உள்ளே டியூப் இல்லாத டயர்கள் பொருத்தப்பட்டுள்ளன. டியூப்லெஸ் என்னும் சொல் டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இத்தகைய டயரில் ஆணி குத்தினால் காற்று உடனே வெளியேறிவிடாது. ஆணியே துளையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். ஆதலின், ஆணியைக் கண்டவுடன் பிடுங்குதல் தவறு. அடைப்பதற்குரிய பொருள்களை எடுத்து வைத்துக்கொண்ட பின்னரே குறட்டினால் அதனைப் பிடுங்குதல் வேண்டும். ஆணி எச்சாய்வில் நுழைந்திருந்ததோ அச்சாய்விலேயே அரம் போன்ற கருவியைச் செலுத்தித் துளையைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். பின்னர்ப் பிசின் தடவிய ரப்பர் இழையை ஊசிக் கருவியின் காதில் கோத்து, இழையின் இரு நுனிகளும் சிறிது வெளியே நிற்குமாறு உள்ளே செலுத்திக் கருவியை விரைந்து இழுத்தால், இழை துளையில் தங்கி அதனை அடைத்துக்கொள்ளும். வெளியே நீண்ட பகுதியைக் கத்தியால் அறுத்துவிட்டுக் காற்றடைக்கலாம். துளையின்மேல் சிறிது நீர் விட்டுப் பார்த்துக் குமிழி எழாவிடின் வேலை முடிந்தது எனலாம்.

இம்முறை சாலையில் பதியும் பகுதியில் ஏற்பட்ட சிறு துளைக்கே உரியது. டயரின் பக்கவாட்டில் கிழிசல் நேரின் அதனை அடைத்து ஓட்டுதல் கூடாது. அடைத்த டயருடன் விரைந்து செல்லுதலும் தகாது. மெல்லச் சென்று, தக்க பட்டறையில் உட்புறத்திலிருந்து சீர்செய்து கொள்ளுதல் வேண்டும். துளையை அடைத்தும் காற்றடைக்க வழியில்லையேல் பயன் யாது? எனவே, கையால் அழுத்தும் சிறு பம்பு ஒன்றோ, வண்டியின் பேட்டரியால் இயங்கும் சிறு காற்றடைப்பான் ஒன்றோ உடனிருத்தல் வேண்டும். காற்றின் அளவைக் காட்டும் அளவுகோலும் அதனுடன் இருத்தல் நன்று. எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

கம்பிகள் கோத்த சக்கரமுடைய வண்டிகளுட் பலவற்றில் டியூப் உண்டு. அவற்றிற்கு மேற்கூறிய முறை உதவாது. சக்கரத்தைக் கழற்றி, டயர் லீவர் என்னும் நெம்புகோலால் டயரின் விளிம்பை உயர்த்தி, டியூபை எடுத்து ஒட்டுப்போடுதல் வேண்டும். அல்லது வேறு டியூபை இடுதல் வேண்டும். சக்கரத்தின் அச்சு மரைக்குரிய பெரிய ஸ்பேனரும் இதற்குத் தேவை. சக்கரம் நிலத்தைத் தொடாதவாறு வண்டியை நிறுத்தும் நடுத் தாங்கி இல்லாத வண்டிகளில் இவ்வேலை கடினமாகும். ஆயினும், சேம டியூப் ஒன்றை உடன்கொண்டு சென்றால், வழியில் கிடைக்கும் பஞ்சர்க் கடைக்காரரின் உதவியால் விரைவில் புறப்பட்டுவிடலாம்.

கருவி இருந்தும் பயிற்சி இல்லையெனின் என்னாகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நண்பர் இருவர் மாலைப் பொழுதில் ஏற்காட்டிலிருந்து தத்தம் வண்டியில் இறங்கி வருகின்றனர் எனக் கொள்வோம். இருவர் வண்டியிலும் ஆணி குத்திவிடுகின்றது. முதலாமவனிடம் விலையுயர்ந்த கருவிப் பெட்டி இருக்கின்றது. ஆனால், அதன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மங்கிய ஒளியில் எதை எதனுடன் கோப்பது என்று தெரியாமல் அவன் திகைக்கின்றான். ஆணியை முதலிலேயே பிடுங்கி எஞ்சிய காற்றையும் போக்கிவிடுகின்றான். இருட்டிவிடுமோ என்று அஞ்சி, தட்டையான சக்கரத்துடனே வண்டியைச் செலுத்த எண்ணுகின்றான். காற்றிழந்த டயர் வளைவில் சக்கரத்தைவிட்டு நழுவினால் அவன் கதி யாதாகும்! இரண்டாமவனிடம் இருப்பது பழந்துணியில் சுற்றிய சில கருவிகளே. ஆனால், கழித்துப்போட்ட பழைய டயர் ஒன்றில் தானே ஆணியை அடித்து, தானே பிடுங்கி, இழையை இட்டு அவன் முன்னரே பழகியிருக்கின்றான். தன் துளையை அடைத்துவிட்டு நண்பனின் துளையையும் அவனே அடைக்கின்றான். முதலாமவன் சுமந்து வந்தது பெட்டி. இரண்டாமவன் சுமந்து வந்தது பயிற்சி.

இனி, கம்பிகளைப் பற்றிக் காண்போம். கிளச்சுக் கம்பி அறுந்தால் கியரை மாற்றுதல் அரிதாகும். இக்கம்பியில் ஒன்றைச் சேமமாகக் கொண்டு செல்லுதல் பழைய வழக்கம். இன்றும் அது பயன்தரும். பட்டறிவுடையோர் சிலர் புதிய கம்பியைப் பையில் வைப்பதில்லை; பழைய கம்பியின் பக்கத்திலேயே அதனை இணைத்துக் கட்டி, நுனிகளை நாடாவால் சுற்றி வைப்பர். பழையது அறுந்தால் இரு நுனிகளையும் மாற்றிப் பொருத்துதலே வேலையாகும். சில புதிய வண்டிகளில் ஆக்சிலேட்டர்க் கம்பியே இல்லை. மின் குறிப்பே அதன் தொழிலைச் செய்கின்றது. ஆதலின், தம் வண்டியில் எக்கம்பி உண்டு, எக்கம்பி இல்லை என்று அறிந்து கொள்ளுதல் வேண்டும். வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் முரிவது கைப்பிடியின் நெம்புகோலே. அதில் ஒன்றும் சேமமாக இருக்கலாம். செயின் அறுதல் அரிது. அதன் தொய்வைப் புறப்படுமுன் பார்த்துச் சரிசெய்து எண்ணெய் இட்டிருந்தால் அக்கவலை குறையும்.

மின்சாரத்தால் வரும் தடைகள் பல. வண்டி திடீரென்று நின்றுவிட்டால் கருவிப் பையைத் திறக்குமுன் மூன்றினை நோக்குதல் வேண்டும். கைப்பிடியின் அருகிலுள்ள எஞ்சினை நிறுத்தும் சிவப்பு விசை தவறுதலாக அழுந்தியுள்ளதா? பக்கத் தாங்கி மடங்காமல் நிற்கின்றதா? பெட்ரோல் இருக்கின்றதா? பக்கத் தாங்கி இறங்கியிருந்தால் இக்கால வண்டிகளுட் பல ஓட மறுக்கும். இம்மூன்றும் சரியாக இருப்பின், பேட்டரியின் முனைகள் தளர்ந்துள்ளனவா என்றும், உருகி எனப்படும் பியூஸ் எரிந்துள்ளதா என்றும் பார்க்கலாம். உருகியின் நிறமே அதன் அளவைக் காட்டும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30 ஆம்பியர். எரிந்ததற்கு ஈடாக அதே அளவுள்ளதையே இடுதல் வேண்டும். உருகிக்கு மாறாகச் செப்புக் கம்பியையோ தகட்டையோ செருகுதல் பெருந்தீங்கு. வண்டியே தீப்பற்றுதல் கூடும். புதிய உருகியும் உடனே எரிந்தால், குற்றம் வேறிடத்தில் உள்ளது என்று உணர்ந்து அம்முயற்சியை விட்டுவிடுதல் வேண்டும்.

பேட்டரி வலுவிழந்தால் பழைய வண்டிகளைக் காலால் உதைத்தோ தள்ளியோ எழுப்பலாம். இக்கால வண்டிகளுட் பலவற்றில் உதைக்கும் மிதியே இல்லை. பெட்ரோலைச் செலுத்தும் பம்பும் மின்சாரத்தாலேயே இயங்குவதால், பேட்டரி முற்றும் ஓய்ந்துவிட்டால் தள்ளினாலும் வண்டி உயிர்பெறாது. எனவே, பேட்டரியின் நிலையை ஊரிலேயே சோதித்துக்கொள்ளுதல் நலம்.

இவையன்றிச் சிறு பொருள்கள் சில பெரும்பயன் விளைக்கும். மின்கம்பிக்குச் சுற்றும் நாடா, பிளாஸ்டிக் கட்டுவார்கள், சிறிது இரும்புக் கம்பி, பழைய டியூபின் துண்டு, கையுறை, துணி, தலையில் கட்டிக்கொள்ளும் கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியன அவை. முரிந்த பகுதியைக் கட்டவும், தொங்குவதைத் தாங்கவும், அறுந்த வாரை இணைக்கவும் இவை உதவும். இவை அனைத்தையும் தடித்த துணியில் சுருட்டி வண்டியின் நடுவில் தாழ்வான இடத்தில் கட்டுதல் வேண்டும். கூரிய கருவிகளைச் சட்டைப் பையிலோ முதுகுப் பையிலோ வைத்தல் கூடாது; கீழே விழ நேர்ந்தால் அவையே உடலில் குத்திக் காயம் விளைக்கும்.

எதனைச் சீர்செய்யலாம் என்று அறிவது போலவே எதனைச் சீர்செய்யலாகாது என்று அறிதலும் இன்றியமையாதது. அவற்றுள் தலையாயது பிரேக். ஏற்காட்டிலிருந்து இறங்குவோர் இடைவிடாது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், அது மிகச் சூடேறும். அதனுள் இருக்கும் நெய்ம்மம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். அப்பொழுது கைப்பிடி மெத்தென்று அழுந்துமேயன்றி வண்டி நில்லாது. இதற்குச் சாலையோரக் கருவி எதுவும் இல்லை. ஏறும்போது எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கும்போதும் அத்தகைய தாழ்ந்த கியரிலேயே இறங்கி, எஞ்சினின் தடையால் வேகத்தைக் கட்டுப்படுத்துதலே இதற்கு வழியாகும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெட்ரோலைச் சேமிக்கக் கருதி உருண்டு வருதல் உயிரைச் செலவிட்டுக் காசைச் சேமிப்பதாகும். பிரேக் மெத்தென்று ஆகிவிட்டதை உணர்ந்தால், தாழ்ந்த கியரில் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அது குளிரும் வரையில் காத்திருத்தல் வேண்டும். குளிர்ந்த பின்னரும் பிடி உறுதிப்படாவிடின், அவ்வண்டியை வேறோர் ஊர்தியில் ஏற்றிச் செல்வதே முறை.

பழுதுபார்க்கும் இடமும் கருதத்தக்கது. கொண்டை ஊசி வளைவிலோ அதன் அருகிலோ நிற்றல் கூடாது. மேலிருந்து வரும் பேருந்தின் ஓட்டுநருக்கு அங்கே நிற்பவர் புலப்படார். இருபுறமும் நெடுந்தொலைவு தெரியும் நேர்ச்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுதல் வேண்டும். கழற்றிய திருகாணிகளைத் தரையில் சிதறவிடாமல் துணியின்மேல் வரிசையாக வைத்தல் வேண்டும். இச்சாலையில் குரங்குகள் மிகுதி. தின்பண்டம் என்று கருதித் திருகாணிப் பையையும் அவை தூக்கிச் செல்லுதல் உண்டு! பழைய இழைகளையும் எண்ணெய்த் துணிகளையும் காட்டில் எறியாமல் திரும்பக் கொண்டுவருதல் மலைக்குச் செய்யும் மரியாதையாகும்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுதற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. ஆதலின், இவ்வறிவு நமக்கு எதற்கு என்று மாணவர் எண்ணுதல் வேண்டா. மிதிவண்டியின் டியூபில் ஒட்டுப்போடுதல், செயினை மாட்டுதல், பிரேக் கம்பியை இறுக்குதல் ஆகியவற்றை இன்றே பழகலாம். தந்தையாரோ தமையனாரோ வண்டியைத் துடைக்கும்போது உடனிருந்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தொழிலையும் கேட்டு அறியலாம். கைப்பழக்கம் இளமையில் எளிதில் அமையும்; அமைந்தது பின்னர் மறவாது.

ஔவையார் சேம அச்சு என்று சிறப்பித்தது ஒரு மரத்துண்டை அன்று, ஒரு மனிதனை. தந்தைக்கும் நாட்டுக்கும் இடர் வந்துழித் தாங்குபவன் என்பதனாலேயே பொகுட்டெழினி அப்பெயருக்கு உரியவன் ஆனான். மலைச்சாலையில் பழுதுற்று நிற்கும் முன்பின் அறியாத ஒருவரைக் கண்டு, வண்டியை நிறுத்தி, தன் பம்பை எடுத்துத் தந்து, ஒட்டுப்போட உதவி, அவர் புறப்பட்டுச் செல்லும் வரையில் உடனிருக்கும் இளைஞனும் அத்தகையவனே. அவன் பையிலிருக்கும் கருவிகள் அவனுக்கு மட்டும் உரியவை அல்ல. அவ்வழியே செல்வோர் அனைவர்க்கும் உரியவை.

பயிற்சி

1. சேம அச்சு என்பது யாது? உமணர் அதனை ஏன் கொண்டு சென்றனர்?
2. இக்கால வண்டிகளுக்குக் கருவிகள் வேண்டா என்பாரின் கூற்று எவ்வாறு பிழையாகும்?
3. டியூப் இல்லாத டயரில் ஏற்பட்ட துளையை அடைக்கும் முறையை முறைப்படுத்தி எழுதுக.
4. மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக்கைக் காக்கும் வழி யாது?
5. மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வோர் உடன்கொண்டு செல்லவேண்டிய கருவிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.